பாட்டுக்கு நடுவே

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் நலம். தொண்டைக்கு டாக்டர் நான்கு நாள் மௌனம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் இருந்திருந்தால் அந்தச் சீட்டுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கண்ணாடிக் கடையில் இன்னமும் நின்றபடியேதான் லென்ஸ் தேய்க்கிறீர்களா?

போன் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன மாதம் டிரம்மருக்கு நான் அனுப்பிய ஒரு செய்தி, மறுநாள் காலையிலேயே எங்கள் ரசிகர்களின் இணையக் குழுவில் படமாக வந்துவிட்டது. "பழைய பாட்டையே பாடிப் பாடி எனக்கே அலுத்துப்போச்சு" என்று எழுதியிருந்தேன். அறுநூறு பேர் அதற்குப் பதில் எழுதினார்கள். ஒருவர்கூட எனக்கு ஓய்வு தேவை என்று எழுதவில்லை. "கொஞ்ச நாளைக்கு எதையும் போன்ல எழுதாதீங்க, தபால்ல எழுதுங்க. அதைப் படிக்கற பொறுமை இன்னிக்கு எவனுக்கும் கிடையாது" என்றார் வக்கீல். அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல்.

விஷயத்துக்கு வருகிறேன். கச்சேரிக்கு முன்னால், ஒலியைக் கலக்குகிற மிக்ஸருக்குப் பக்கத்தில் அண்ணன் ஒரு மேசை போடச் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? யார் வேண்டுமானாலும் தங்கள் ரெக்கார்டரை அதில் வைத்து, மிக்ஸரிலிருந்து வருகிற வயரோடு தங்கள் மைக்கையும் சொருகிக்கொள்ளலாம். அப்படிப் பதிவு செய்தவர்களுக்கு மேசைக்காரர்கள் என்றே பெயர் வந்துவிட்டது. பதினோரு வருடத்தில் முந்நூற்று நாற்பது கச்சேரிகளை எடுத்து வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் ஒரு பக்கத்தில் போட்டு, யார் கேட்டாலும் சும்மா கேட்கலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்கள்.

இப்போது நம் பாட்டை வெளியிடுகிற கம்பெனி பன்னிரண்டு கச்சேரிகளைத் துடைத்துச் சுத்தம் செய்து ஒரு வட்டுப் பெட்டியாகக் கொண்டுவரப் போகிறது. முந்நூற்று நாற்பது ஓசியில் கிடைக்கும்போது எவன் பன்னிரண்டை வாங்குவான் என்று கேட்கிறார்கள். உரிமை நம்முடையது, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டு கையெழுத்து தேவை. பாடியவன் நான். பாட்டை எழுதி கிதார் வாசித்தவர் அண்ணன், அவருடைய பங்கு உங்களிடம் இருக்கிறது. தாளை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் போட்டால் போதும்.

அண்ணன் போய் நான்கு வருடமாகியும் ஒவ்வொன்றுக்கும் உங்களைத்தான் தொந்தரவு செய்கிறேன்.

உங்கள் கொழுந்தன்



ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் மௌனம் கலைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீ பிறந்ததிலிருந்து நான்கு நாள் சும்மா இருந்தது இதுவே முதல் தடவையாகத்தான் இருக்கும். என் முதுகு அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். கடையில் நாற்காலி இருக்கிறது. உட்கார்ந்தால் லென்ஸ் தேய்க்கும் சக்கரம் கண்ணுக்கு நேராக வருவதில்லை, அதனால் நிற்கிறேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மூன்று பக்கத்தையும் படித்தேன். "எந்த வடிவிலும், எந்த இடத்திலும், முழுமையாகவோ பகுதியாகவோ" என்று அடுக்கிக்கொண்டே போகிறது. எழுதினவர் நல்ல வக்கீலாகத்தான் இருக்க வேண்டும், எனக்கே பயமாக இருந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மேசைக்காரர்களிடம் இருக்கும் கச்சேரிகள் கம்பெனியிடமும் இருக்கின்றனவா? அவர்கள் அழித்தால் அதோடு போய்விடாதே? நீ கேட்டதால் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளலாம் என்றுதான்.

தொண்டைக்கு வெந்நீர் குடி. சிகரெட்டை விட்டுவிட்டதாகப் போனமுறை சொன்னாய். அதை நான் நம்பியதாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி



பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கையெழுத்து கிடைத்தது. தொண்டை பரவாயில்லை. சிகரெட்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

எல்லாமே இருக்கிறது அண்ணி, கவலையே வேண்டாம். ஒவ்வொரு கச்சேரியையும் நம் ஒலிப்பதிவாளர் தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். மேசைக்காரர்களிடம் இருப்பது இருமல், கைதட்டல், நாற்காலி இழுக்கிற சத்தம், எவனோ எவளையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் சேர்ந்த கலவை. எங்களிடம் இருப்பது அதைவிடச் சுத்தம். கேட்டால் உங்களுக்கே தெரியும். பெட்டி வந்ததும் முதல் பிரதி உங்களுக்குத்தான்.

அவசரமாக எழுதுகிறேன், ஒத்திகைக்கு வண்டி வந்துவிட்டது. முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்



மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? பதில் வரவில்லை. கடையில் கூட்டமாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

நோட்டீஸ் போனது. முதல் இரண்டு நாள் என்னைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். "அண்ணன் இருந்த வரைக்கும் இவன் நம்ம ஆளு, இப்ப கம்பெனி ஆளு" என்று ஒருவன். "தொண்டைதான் இவனோடது, பாட்டு அவரோடது" என்று ஒருத்தி. அதற்கு எண்ணூறு பேர் கை தட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் கடைசி வரிசை எழுதினார். அந்தக் குழுவை நடத்துகிறவர் அவர்தான். எந்த அரங்கத்திலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார், அதுவே பெயராகிவிட்டது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அண்ணன் மேசை போட்டுக் குடுத்தப்ப மூணு விஷயம் சொன்னார். விக்கக் கூடாது, நடுவுல வெட்டக் கூடாது, நிறுத்துன்னா நிறுத்தணும். இப்ப நிறுத்தச் சொல்லிட்டாங்க. வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதுக்கு மேல நமக்கென்ன பேச்சு. மாசக் கடைசிக்குள்ள அழிச்சிடுங்க. ஒளிச்சு வைக்கறவங்க இந்தப் பக்கம் வர வேண்டாம்."

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவரும் காலி ஃபோல்டரைப் படம் எடுத்துப் போட வேண்டுமாம். நாற்பத்தொரு பேர் வரிசையாகப் போட்டார்கள், சாவு வீட்டில் மாலை போடுகிற மாதிரி. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இணையத்தில் போனது எங்கேயாவது அழியுமா அண்ணி? ஆளுக்கு நாலு பிரதி பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு படம் காட்டுகிறார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் கொழுந்தன்



மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. சளி பிடித்துக் குரல் கட்டிக்கொண்டது. பேசுவதற்கு ஆள் இல்லாததால் அதில் பெரிய நஷ்டம் இல்லை. இப்போது பரவாயில்லை.

அழித்தவர்களைப் பற்றி அப்படி எழுதாதே. சொன்னால் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பெட்டி எப்போது வரும்? கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது.

அண்ணி



ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணிக்கு,

சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் ஒரு வாடகை நாற்காலியும்.

பெட்டி தயாராகிவிட்டது. இதோடு தனிப் பார்சலில் வருகிறது. பன்னிரண்டு வட்டு. மூன்றாவதைப் போட்டு அண்ணனுடைய விரல் தந்தியில் வழுக்குகிற சத்தத்தைக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். ஒலிப்பதிவாளர் ஆறு மாதம் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்.

போன சனிக்கிழமை நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். பெட்டி வெளியீட்டுக்காக ஒரு கச்சேரி. அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. முன்னால் ஐந்தாறு வரிசை மேசைக்காரர்களும் குழுவில் இருக்கிறவர்களும், எனக்குத் தெரிந்த முகங்கள். இரண்டாவது பாட்டில் பல்லவியைப் பாதியில் விட்டுவிட்டு மைக்கைக் கூட்டத்துக்கு நீட்டுவேனே, அவர்கள் பாடி முடிப்பார்களே, அந்த இடம் வந்தது. நீட்டினேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக என்னையே பார்க்கிறார்கள். பாட்டு தெரியாதவர்கள் இல்லை, என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். டிரம்மர் நான்கு தாளம் தனியாகத் தட்டினார். கடைசியில் அந்த வரியை நானே பாடினேன்.

இடைவேளையில் ஒருத்தியிடம் கேட்டேன். "நோட்டீஸ்ல எந்த வடிவிலும், எந்த இடத்திலும்னு போட்டிருந்துச்சுங்க. நாங்க பாடினா அதுவும் ஒரு வடிவந்தானே" என்றாள். கிண்டலுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை. கிண்டலாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

திட்டினவர்களும் இப்போது குழுவில் எழுதுவதில்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன். பிப்ரவரி கடைசி நாளோடு நிற்கிறது.

வட்டுகளைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

உங்கள் கொழுந்தன்



மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பெட்டி வந்தது. அட்டைப்படத்தில் உன் அண்ணன் கண்ணாடி சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அன்றைக்குக் காலையில் சரிசெய்து தருகிறேன் என்றேன், நேரமில்லை என்று போய்விட்டார். இப்போது ஊர் முழுக்கச் சாய்ந்தபடி போகிறது.

ஐந்து சாயங்காலத்தில் பன்னிரண்டையும் கேட்டு முடித்தேன். நீ நன்றாகப் பாடியிருக்கிறாய். தந்தியில் விரல் வழுக்குவது கேட்கிறது. ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. நடுவில் தந்தியை முறுக்கிக்கொண்டே பேசுவாரே, அது எங்கே? தனியாக ஒரு வட்டில் வருகிறதா? உறையெல்லாம் கொட்டிப் பார்த்துவிட்டேன்.

அவசரமில்லை. எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்.

அண்ணி



மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

அந்தப் பேச்சு எதிலும் வராது. பாட்டு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்திவிடுவார். அடுத்த பாட்டுக்குத்தான் திரும்பத் தொடங்குவார். அந்தக் காலத்து மெஷினில் இடம் கம்மி. "பேச்சுக்கு எதுக்கு சார் டிஸ்க்கை வீணாக்கணும்" என்று அவர் கேட்டபோது சரி என்றது நான்தான். உண்மையைச் சொன்னால் அது எனக்குத் தலைவலியாக இருந்தது அண்ணி. ஒரு தந்தி மாற்ற ஐந்து நிமிடம், அதில் என்னை நாலு முறை கிண்டல், கூட்டம் சிரிக்கும், நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். கேட்கிறவர்களுக்கு வேண்டியது பாட்டுதானே.

அண்ணன் குரல்தான் வேண்டும் என்றால் உங்கள் கல்யாண வீடியோவில் இருக்குமே. பழைய போனில் ஏதாவது இருக்கும். தேடிப் பாருங்கள்.

உங்கள் கொழுந்தன்



ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இந்தக் கடிதத்தை எழுதுவதா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன்.

கல்யாண வீடியோவில் முதலிலிருந்து கடைசிவரை மேலே ஏதோ இசையைப் போட்டு ஒட்டிவிட்டார்கள். வாய் அசைகிறது, அவ்வளவுதான். பழைய போனில் ஒன்றும் இல்லை. போனில் உன் அண்ணன் பேசுவது "ம்", "சரி", "வை". வீட்டிலும் ஏறக்குறைய அதே. பதினெட்டு வருடம் குடித்தனம் செய்தேன். நான் பேசுவேன், அவர் கிதாரைத் துடைத்துக்கொண்டிருப்பார். சுவரோடு பேசுகிறேன் என்று எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன்.

கடையை விட்டு வர முடியாததால் ஏழெட்டுக் கச்சேரிக்கு மேல் நான் நேரில் பார்த்ததில்லை. அவர் போன பிறகுதான் ஒருநாள் மேசைக்காரர்களின் பக்கத்தைத் திறந்தேன். பாட்டெல்லாம் எனக்குத் தெரிந்தது. நடுவில் பேசுகிற ஆளைத்தான் தெரியவில்லை. நான் கருக்கிய ரொட்டியை வைத்து ஒரு கூட்டத்தையே சிரிக்க வைக்கிறார். கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு கடை முழுக்க நான் தேடியதைச் சொல்கிறார். அதை அவர் கவனித்ததே எனக்குத் தெரியாது. ஒரு மழை நாளில், "இந்தப் பாட்டு எங்க வீட்டம்மாவுக்கு எழுதினது. அவங்களுக்கு அது தெரியாது, நீங்களும் போய்ச் சொல்லிடாதீங்க" என்கிறார். நானூறு பேரும் சொல்லாமலே இருந்திருக்கிறார்கள்.

கடையை அடைத்துவிட்டு வர ஏழு மணி ஆகும். வந்ததும் ஒரு கச்சேரியைப் போடுவேன். பாட்டு ஓடும்போது பாத்திரம் கழுவுவேன், பேச்சு வந்ததும் குழாயை மூடிவிடுவேன். நான்கு வருடம் அப்படித்தான் போயிற்று. பிப்ரவரிக்குப் பிறகு குழாயை மூடுகிற வேலை இல்லை.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ஏன் கேட்கிறேன் என்று நீ கேட்டுவிடக் கூடாதே என்று எழுதினேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, தம்பி.

அண்ணி



ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் மறதி இல்லை. கையில் ஏதாவது வைத்துக்கொண்டு எழுதலாம் என்று பார்த்தேன்.

கடைசி வரிசையைத் தேடிப் போனேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறையில் பிடித்தேன். கையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, உட்காருவதற்கு ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார்.

"நோட்டீஸை வாபஸ் வாங்கிட்டேன்" என்றேன். "இனிமே நீங்க எதை வேணும்னாலும் வச்சுக்கலாம். எனக்கு அந்தப் பதிவு வேணும். உங்ககிட்ட ஒரு காப்பி இருக்கும்ல?"

"இல்லீங்களே. அழிச்சாச்சே."

"அது ஊருக்குச் சொல்றது. நெஜமா சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். "சார், நீங்க அழிக்கச் சொன்னீங்க. நெஜமா அழிக்கணும்னு சொல்லலையா?" என்று கேட்டார். அவமானமாக இருந்தது அண்ணி. நான் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மற்றவர்களிடம் இருக்குமா என்று கேட்டேன். நாற்பத்தொரு பேரையும் அவருக்குத் தெரியும், ஒருவரும் ஏமாற்ற மாட்டார்கள் என்றார். முந்நூற்று நாற்பதையும் விடாமல் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள்தானாம். 'மைனஸ் நாலு' என்று பெயர். பரீட்சையில் வாங்கிய மார்க்கோ என்னவோ. யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. தேதி தப்பாக இருந்தால் திருத்துவாராம், மற்றபடி ஒரு வார்த்தை பேச மாட்டாராம். காலி ஃபோல்டர் படம் முதலில் வந்ததும் அவரிடமிருந்துதான். எனக்கு அந்த ஆள் மேல்தான் நம்பிக்கை. அவ்வளவு ஒழுங்காகச் சேர்த்து வைத்தவர் ஒரேயடியாகத் தொலைத்திருக்க மாட்டார். இரண்டு முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. இன்னும் எழுதுவேன். காலில் விழ வேண்டுமென்றாலும் விழுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி எடுக்கச் சொல்லிக் கேட்டது அந்தப் பன்னிரண்டு கச்சேரிகளை மட்டும்தான். முந்நூற்று நாற்பதையும் எடுங்கள் என்று சொன்னவன் நான். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் அண்ணன் பேச்சைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் பாடியதைப் பற்றி ஒரு வரி இருக்காது. செத்துப்போன அண்ணன் மேல் பொறாமைப்பட்டவன் என்று வெளியில் சொல்ல முடியுமா? அதனால் கம்பெனி மேல் போட்டேன்.

உங்களிடமும் அப்படித்தான் எழுதினேன். மன்னிக்கச் சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் கொழுந்தன்



ஆகஸ்ட் 1

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மைனஸ் நாலுக்கு இனி எழுதாதே. அது நான்தான். உன் அண்ணனுடைய கண்ணாடிப் பவர் அது, இரண்டு கண்ணுக்கும்.

என்னிடமும் இல்லை. நோட்டீஸில் என் கையெழுத்து இருந்ததே. ஊரில் எல்லோரிடமும் அழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? கடைசி வரிசை எழுதியதைப் படித்த அன்றைக்கே அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் ஒன்றையாவது கடைசியாகக் கேட்கலாமா என்று தோன்றியது. உன் பிப்ரவரிக் கடிதம் மேசைமேல் இருந்தது. எல்லாமே இருக்கிறது, இதைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சரி, நல்லதாகவே கேட்டுக்கொள்ளலாம் என்று கேட்காமலே அழித்துவிட்டேன்.

உன் மேல் கோபம் இருந்தது. பெட்டியைக் கேட்டு முடித்த அன்று உன் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை. பொறாமைப்பட்டதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகுதான் கோபம் கொஞ்சம் இறங்கியது. நானும் பட்டிருக்கிறேன். வீட்டில் எனக்குக் கிடைக்காத பேச்சு அந்த நானூறு பேருக்கும் கிடைத்ததே என்று எத்தனையோ சாயங்காலம் வயிறு எரிந்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் உன்னால் ஆகும். கடைசி வருடம், படிக்கட்டு மாதிரி இருக்கை போட்ட அந்தப் பெரிய அரங்கத்தில் ஒரு கச்சேரி. தந்தி மாற்றிக்கொண்டே பேசுகிறார். "எங்க வீட்டம்மாவுக்கு என் மேல ஒரே ஒரு குறைதான். வீட்ல வாயே திறக்கறதில்லையாம். இங்க இவ்வளவு பேசறவன் அங்க ஏன் பேசறதில்லன்னு கேட்டீங்கன்னா..." என்கிறார். அந்த இடத்தில் நீ பாட ஆரம்பித்துவிடுகிறாய். நூறு தடவை கேட்டிருப்பேன். எவ்வளவு சத்தம் வைத்தாலும் அதற்கு மேல் உன் குரல்தான்.

நீ பக்கத்தில் நின்றாய். அப்புறம் என்ன சொன்னார்? ஞாபகம் இருந்தால் எழுது. இல்லையென்றால் இல்லை என்று எழுது. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையாவது இட்டுக்கட்டி எழுதாதே. அவர் பேச்சு எது, உன் பேச்சு எது என்று எனக்குத் தெரியும்.

அண்ணி



ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நேற்றிலிருந்து சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். என்ன எழுதினாலும் சின்னதாகத்தான் இருக்கும், அதனால் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்ச நாள்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன், அப்புறம் அண்ணன் பேச ஆரம்பித்தாலே தண்ணீர் குடிக்கிற சாக்கில் மேடைக்குப் பின்னால் போய்விடுவேன். முந்நூற்று நாற்பதில் முந்நூறிலாவது அப்படித்தான் போயிருப்பேன். அவர் என்ன பேசினார் என்று உங்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாது. அந்த ஒரு கச்சேரியில் மட்டும் போகவில்லை. கம்பெனி ஆட்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் வாயைத் திறந்திருக்கும்போதே பாட்டை எடுத்துவிட்டேன்.

அவருக்கு முதல் இரண்டு அடி கைக்கு வரவில்லை. தந்தியைப் பாதி முறுக்கியபடியே வாசித்துக்கொண்டு மைக்கை விட்டு என் பக்கம் வந்தார். எனக்குப் பாட்டு இல்லாத இடத்தில், என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "முடிக்க விட்டியாடா நீ. அங்க அவ பேசிட்டிருப்பா, நான் கேட்டுட்டிருப்பேன். எனக்கு அது போதும்டா."

"பாட்டைக் கவனி" என்றேன் நான். அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான் அண்ணி. மைக் இல்லாததால் அது எந்தப் பதிவிலும் ஏறியிருக்காது. இதில் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவனாகச் சேர்த்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை அங்கே வருகிறேன். நீங்கள் கடையை அடைத்துவிட்டு வரும்போது வாசலில் இருப்பேன். கேட்பதற்கு எதுவும் கொண்டுவரவில்லை, என்னிடம் எதுவும் இல்லை. நீங்கள் பேசுங்கள். கடையைப் பற்றி, முதுகைப் பற்றி, என்னைத் திட்டுவதாக இருந்தால் அதையும். நான் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கிறேன்.

உங்கள் கொழுந்தன்